பேங்க் அக்கவுண்ட்டை ஆப்போட கனெக்ட் பண்றீங்களா? எந்த வழியா உள்ளே விடுறீங்கன்னு முதல்ல பாருங்க



வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வந்ததுமே நம்ம போன்ல நாலஞ்சு பண ஆப்கள் வந்து உட்கார்ந்துடுது. செலவுக் கணக்கு பார்க்க ஒண்ணு, மியூச்சுவல் ஃபண்டுக்கு ஒண்ணு, லோன் எவ்வளவு கிடைக்கும்னு பார்க்க ஒண்ணு, ஜூலை வந்தா ஐடிஆர் ஃபைல் பண்ண ஒண்ணு. எல்லாமே ரெண்டாவது ஸ்கிரீன்லயே ஒரே விஷயத்தைத்தான் கேட்கும்: "உங்கள் அக்கவுண்ட்டை இணையுங்கள்."

நம்ம சேனல்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்வி, "இந்த ஆப்பை நம்பலாமா?" என்பதுதான். ஆப்போட பேரை மட்டும் வச்சு இதுக்கு பதில் சொல்ல முடியாது. ஒரே ஆப், உங்க எஸ்எம்எஸ் வழியா டேட்டா எடுத்தா ஒரு ரிஸ்க். நெட்பேங்கிங் பாஸ்வேர்ட் வாங்கி எடுத்தா வேற ரிஸ்க். அக்கவுண்ட் அக்ரிகேட்டர் வழியா எடுத்தா இன்னொரு கதை. ஆப்பை விட, அது வர்ற வழிதான் முக்கியம். பல நேரம் அந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் பட்டன் உங்க ஸ்கிரீன்லயே இருக்கு. நாம்தான் படிக்காம முதல் ஆப்ஷனைத் தட்டிட்டுப் போயிடுறோம்.

எந்த ஆப்பா இருந்தாலும் கனெக்ட் பண்றதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க.

1. இந்த வழியில் வர்றவங்களால் பார்க்க மட்டும்தான் முடியுமா, பணத்தைத் தொடவும் முடியுமா?
2. தேவையானதை மட்டும் பார்ப்பாங்களா, எல்லாத்தையுமா?
3. ஒரு தடவை பார்த்துட்டுப் போவாங்களா, தொடர்ந்து பார்ப்பாங்களா?
4. வேண்டாம்னா நிறுத்துறது யார் கையில இருக்கு?

இந்த நாலையும் வச்சு இப்போ புழக்கத்தில் இருக்கிற ஐந்து வழிகளையும் பார்ப்போம்.

வழி 1: எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி

செலவுக் கணக்கு ஆப்கள் நிறைய இந்த வழியில்தான் ஓடுது. பேங்க்ல இருந்து வர்ற டெபிட், கிரெடிட் மெசேஜைப் படிச்சு, "இந்த மாசம் சாப்பாட்டுக்கு 6,200 ரூபாய்"னு அழகா சார்ட் போட்டுக் காட்டும். வசதிதான், மறுக்கலை.

ஆனா ஆண்ட்ராய்டில் "பேங்க் மெசேஜை மட்டும் படி"ன்னு ஒரு அனுமதி கிடையாது. கொடுத்தா இன்பாக்ஸ் மொத்தமும் போகும். அதில் ஓடிபி இருக்கு, இஎம்ஐ பவுன்ஸ் ஆன மெசேஜ் இருக்கு, கிரெடிட் கார்டு பாக்கி இருக்கு, ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட்டும் இருக்கு. பணத்தை நேரடியா எடுக்க முடியாதுதான். ஆனா ஓடிபி தெரியுற இடம்னா அது சின்ன விஷயம் இல்லை.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துடுறேன். லாகின் பண்ணும்போது "கீழே உள்ள மெசேஜை இந்த ஆப் படிக்கலாமா?"ன்னு ஒரு சின்னப் பெட்டி வரும். அது அந்த ஒரே ஒரு மெசேஜுக்கான அனுமதி. அதில் பயப்பட ஒண்ணும் இல்லை. போன் செட்டிங்ஸில் எஸ்எம்எஸ் பெர்மிஷன்னு நிரந்தரமா ஆன் ஆகி இருக்கே, நான் சொல்றது அதைத்தான். ஐபோன் வச்சிருக்கிறவங்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. அங்கே வெளி ஆப்களுக்கு உங்க மெசேஜ் பெட்டியைத் திறந்து படிக்க அனுமதி கிடையாது.

வழி 2: மெயில் பெட்டியைத் திறந்து விடுறது

"கூகுள் அக்கவுண்ட்டோட இணைத்தால் உங்க ஸ்டேட்மென்ட் எல்லாம் தானா வந்துடும்"னு சில ஆப் சொல்லும். "கூகுள் வழியா லாகின்" வேற, "உங்க ஜிமெயிலைப் படிக்கும் அனுமதி" வேற. முதலாவதில் பொதுவா பேரும் மெயில் ஐடியும் மட்டும் போகும். ரெண்டாவதில் மெயில் மொத்தமும் போகும்.

மெயில் பெட்டியில் என்னென்ன இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. ஆஃபர் லெட்டர், பேஸ்லிப், பான் கார்டு ஸ்கேன், இன்ஷூரன்ஸ் பாலிசி, எல்லாத்துக்கும் மேல மற்ற கணக்குகளோட பாஸ்வேர்டை மாத்துற லிங்க். நாலு ஸ்டேட்மென்ட்டுக்காக இவ்வளவையும் காட்டணுமா? நிறுத்துற வசதி உங்க கையிலதான் இருக்கு. கூகுள் அக்கவுண்ட் செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதிக்குப் போய், இணைப்பில் இருக்கும் ஆப்களைப் பார்த்து நீக்கலாம். நிறைய பேர் அந்தப் பக்கத்தை ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

வழி 3: நெட்பேங்கிங் யூசர் ஐடி, பாஸ்வேர்ட்

லோன் அப்ளை பண்ணும்போது ஸ்டேட்மென்ட்டுக்கு "நெட்பேங்கிங் லாகின்"னு ஒரு ஆப்ஷன் வந்தா, தயவுசெஞ்சு அதைத் தொடாதீங்க. நீங்க பேங்க் சைட்டுக்குப் போறதில்லை. உங்க சாவியை வேற ஒருத்தர் கையில கொடுத்து, உங்க பேர்ல அவங்க உள்ளே போறாங்க. நாலு கேள்வியிலும் ஃபெயில் ஆகுற வழி இது ஒண்ணுதான். எல்லாம் தெரியும், பரிவர்த்தனைப் பக்கம் வரைக்கும் போக முடியும், நீங்க பாஸ்வேர்டை மாத்துற வரைக்கும் திறந்தே இருக்கும்.

இதில் பணம் சம்பந்தப்பட்ட ஒரு சட்ட விஷயமும் இருக்கு. நம்ம அனுமதி இல்லாம அக்கவுண்ட்ல இருந்து பணம் போனா யார் பொறுப்புன்னு ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல் ஒரு சுற்றறிக்கை போட்டது. அதோட சாரம் இது:

- தப்பு பேங்க் மேலயும் இல்லை, உங்க மேலயும் இல்லை, இடையில் எங்கேயோ நடந்திருக்குன்னா, பேங்க்ல இருந்து தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொல்லிட்டா உங்க நஷ்டம் பூஜ்யம்.
- 4 முதல் 7 வேலை நாளுக்குள் சொன்னா, உங்க பொறுப்புக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. சாதாரண சேவிங்ஸ் அக்கவுண்ட்டுக்கு அது 10,000 ரூபாய்.
- அதுக்கும் மேல லேட் ஆனா, அந்த பேங்க்கோட சொந்தக் கொள்கைப்படி.
- பாஸ்வேர்ட் மாதிரி ரகசிய விவரத்தை நீங்களே பகிர்ந்து, அதனால நஷ்டம் வந்தா, பேங்க்குக்குத் தகவல் சொல்ற நிமிஷம் வரைக்கும் போன முழுப் பணமும் உங்க நஷ்டம்.

அந்தக் கடைசி வரியைத் திரும்பப் படிங்க. பாஸ்வேர்டை ஒரு ஆப்ல டைப் பண்ணின பிறகு ஏதாவது ஆச்சுன்னா, "நான் கவனமாத்தான் இருந்தேன்"னு வாதாடுறது ரொம்பக் கஷ்டம். 40,000 ரூபாய் சம்பளத்தில் மூணு வருஷமா சேர்த்த எமர்ஜென்சி ஃபண்டை, ஸ்டேட்மென்ட் டவுன்லோட் பண்ற ரெண்டு நிமிஷ சோம்பேறித்தனத்துக்காகப் பணயம் வைக்காதீங்க.

வழி 4: பிடிஎஃப் ஸ்டேட்மென்ட்

பழைய வழி. நீங்களே பேங்க் ஆப்ல ஆறு மாச ஸ்டேட்மென்ட் எடுத்து அப்லோட் பண்றீங்க. இது ஒரு போட்டோ மாதிரி. அந்த நாளோட படம் மட்டும்தான் போகுது. அடுத்த மாசம் நீங்க என்ன செலவு பண்றீங்கன்னு அவங்களுக்குத் தெரியாது. பணத்தைத் தொடவும் முடியாது.

ஆனா போட்டோவும் லீக் ஆகும். லோன் வாங்கித் தர்ற ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்மென்ட் கேட்பார், நாம ஃபைலை அனுப்பி, அடுத்த மெசேஜ்லயே அதோட பாஸ்வேர்டையும் அனுப்பிடுவோம். அந்த ஃபைல்ல உங்க முகவரி, அக்கவுண்ட் நம்பர், யுபிஐ-யில் யாருக்கு எவ்வளவு அனுப்பினீங்கன்ற வரலாறு எல்லாம் இருக்கு. அப்பாவோட மருந்துக் கடை பில்லும் இருக்கும், ஃப்ரெண்டுகிட்ட வாங்கின கைமாத்தும் இருக்கும். அது யார் யார் போனுக்கு ஃபார்வேர்ட் ஆகுதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. அதனால பிடிஎஃப் கொடுக்கிறதுன்னா, கடன் கொடுக்கிற நிறுவனத்தோட சொந்த ஆப்ல அல்லது இணையதளத்தில் அப்லோட் பண்ணுங்க. தனி நபர் வாட்ஸ்அப்புக்கு வேண்டாம்.

வழி 5: அக்கவுண்ட் அக்ரிகேட்டர்

இதுக்கான விதிகளை ரிசர்வ் வங்கி 2016 செப்டம்பர் 2-ல் வெளியிட்டது. சரியா அஞ்சு வருஷம் கழிச்சு, 2021 செப்டம்பர் 2-ல் சில பெரிய பேங்குகளோட நடைமுறைக்கு வந்தது. ஃபின்வூ, ஒன்மணி, கேம்ஸ் ஃபின்சர்வ், அனுமதி இதெல்லாம் இந்த லைசென்ஸ் வச்சு வந்த பேர்கள்தான். லோன் ஆப்ல ஸ்டேட்மென்ட் கேட்கும்போது இடையில இந்த மாதிரி ஒரு பேரோட ஸ்கிரீன் வந்திருந்தா, நீங்க ஏற்கெனவே இந்த வழியைப் பயன்படுத்தியிருக்கீங்க.

எப்படி வேலை செய்யுது? மூணு பேர் இருக்காங்க. டேட்டா வச்சிருக்கிற உங்க பேங்க், டேட்டா கேட்கிற நிறுவனம், நடுவில் அக்ரிகேட்டர். அக்ரிகேட்டர் ஒரு தபால்காரர் மாதிரி. உங்க சம்மதத்தை பேங்க்குக்கு எடுத்துட்டுப் போவார். பேங்க் டேட்டாவைப் பூட்டி அனுப்பும். கவரை அவரால் பிரிச்சுப் பார்க்க முடியாது. உங்க நெட்பேங்கிங் பாஸ்வேர்டை அவர் கேட்கக் கூடாது. பணப் பரிவர்த்தனை செய்ய அவருக்கு அனுமதியே இல்லை. இந்த வழியில் போறது தகவல் மட்டும்தான், அதனால முதல் கேள்வி பாஸ்.

இன்னொரு முக்கியமான வடிகட்டி: இந்த வழியில் யார் வேணும்னாலும் டேட்டா கேட்டுட முடியாது. ரிசர்வ் வங்கி, செபி, ஐஆர்டிஏஐ, பிஎஃப்ஆர்டிஏ மாதிரி ஒரு ஒழுங்குமுறை அமைப்பின் கீழ் பதிவான நிறுவனங்களுக்குத்தான் அனுமதி. எந்தப் பதிவும் இல்லாத ஆப்கள் ஏன் எஸ்எம்எஸ், மெயில்னு கேட்கிறாங்கன்றதுக்கு இதுவும் ஒரு காரணம். அவங்களுக்கு இந்தக் கதவு திறக்காது.

அப்போ அக்ரிகேட்டர்னாலே கண்ணை மூடிட்டு ஓகே கொடுக்கலாமா? இல்லைங்க. வழி நல்ல வழிதான். ஆனா அந்தச் சம்மதத்தில் என்ன எழுதியிருக்கோ, அதுக்குத்தான் நீங்க ஓகே சொல்றீங்க. அந்த ஸ்கிரீன்ல இந்த ஆறையும் படிங்க:

- யார் கேட்கிறாங்க? நீங்க நினைச்ச நிறுவனம்தானா?
- எதுக்காக? லோன் பரிசீலனையா, தொடர் கண்காணிப்பா?
- எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை உள்ள டேட்டா?
- ஒரே ஒரு தடவையா, மாசா மாசமா, தினமுமா?
- இந்தச் சம்மதம் எப்போ காலாவதி ஆகும்?
- எடுத்த டேட்டாவை எவ்வளவு நாள் வச்சிருப்பாங்க?

அதுக்கு முன்னாடி வர்ற ஸ்கிரீன்ல உங்க மொபைல் நம்பர்ல இருக்கிற அக்கவுண்ட் எல்லாம் வரிசையா வந்து நிற்கும். சேலரி அக்கவுண்ட் மட்டும் போதும்னா மத்ததோட டிக்கை எடுத்துடுங்க.

ஒரு தடவை எடுத்தா அது போட்டோ. மாசா மாசம்னா அது உங்க வீட்டில் மாட்டின சிசிடிவி கேமரா. லோன் ஓடிட்டு இருக்கும்போது கடன் கொடுத்தவர் கேமரா கேட்டா அதில் ஒரு நியாயம் இருக்கலாம். லோனே வாங்கலைன்னா எதுக்கு?

நம்மில் பலர் கவனிக்காத இடம் இதுதான். உதாரணத்துக்கு, வட்டி எங்கே கம்மின்னு பார்க்க ஒருத்தர் நாலு ஆப்ல பர்சனல் லோன் அப்ளை பண்றார்னு வச்சுக்குவோம். நாலுலயும் சம்மதம் கொடுக்கிறார். கடைசியில் ஒண்ணுல லோன் வாங்குறார். மத்த மூணுல கொடுத்தது மாசா மாசம் எடுக்கிற சம்மதமா இருந்தா, காலாவதி ஆகுற வரைக்கும் அது உயிரோட இருக்கும். ஆப்பை டெலீட் பண்ணினா சம்மதம் போகாது. அக்ரிகேட்டரோட ஆப்ல லாகின் பண்ணி, சம்மதப் பட்டியலுக்குப் போய், ஒவ்வொண்ணா ரத்து பண்ணணும். ரத்து பண்ணினா அடுத்த தடவை டேட்டா போகாது. ஏற்கெனவே போனது திரும்பி வராது, அதனால கொடுக்கும்போதே ஒரு தடவை எடுக்கிற சம்மதமான்னு பார்க்கிறதுதான் புத்திசாலித்தனம்.

சரி, எந்தத் தேவைக்கு எந்த வழி?

செலவுக் கணக்கு: முதல் சாய்ஸ் அக்ரிகேட்டர் வழி. அது இல்லாத ஆப்னா, மாசம் ஒரு தடவை பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து ஒரு எக்செல்லில் போடுங்க. மாசத்துக்கு அரை மணி நேரம் ஆகும். ஆனா கையால போடும்போதுதான் எங்கே ஓட்டை இருக்குன்னு மனசில் பதியும். எஸ்எம்எஸ் அனுமதி கேட்கிற ஆப்தான் வேணும்னா, யார் நடத்துறாங்கன்னு பார்த்து, முழு இன்பாக்ஸும் போகுதுன்னு தெரிஞ்சே கொடுங்க.

லோன்: அக்ரிகேட்டர், ஒரு தடவை சம்மதம். இல்லைன்னா பிடிஎஃப். நெட்பேங்கிங் லாகின் வேண்டவே வேண்டாம். ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்குங்க. லோன் ஆப்கள் உங்க கான்டாக்ட் லிஸ்ட், கால் ஹிஸ்டரி, போட்டோ, ஃபைல்களைத் தொடக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் 2-ல் விதி போட்டது. 2025 மே மாசம் வந்த டிஜிட்டல் லெண்டிங் உத்தரவிலும் அது தொடருது. கேமரா, மைக், லொகேஷன் மாதிரி சிலது மட்டும், கேஒய்சி போன்ற தேவைக்கு, உங்க சம்மதத்தோட ஒரு தடவை கேட்கலாம். கொடுத்த சம்மதத்தை வாபஸ் வாங்கவும், டேட்டாவை அழிக்கச் சொல்லவும் உங்களுக்கு வழி இருக்கணும்னும் விதி சொல்லுது. ஒரு லோன் ஆப் கான்டாக்ட் லிஸ்ட் கேட்டா, வேற எதையும் ஆராய வேண்டாம். அன்இன்ஸ்டால் பண்ணிடுங்க. பிளே ஸ்டோருக்கு வெளியே லிங்க்ல வர்ற ஆப்பும் அப்படித்தான். "ஆக்சஸிபிலிட்டி" அனுமதி கேட்டா இன்னும் மோசம். உங்க ஸ்கிரீன்ல என்ன ஓடுதுன்னு அது பார்க்கும்.

மியூச்சுவல் ஃபண்ட்: எல்லா ஃபண்டையும் ஒரே இடத்தில் பார்க்க கேம்ஸ், கேஃபின்டெக் ரெண்டும் சேர்ந்து நடத்துற எம்எஃப் சென்ட்ரல் இருக்கு. அல்லது கன்சாலிடேட்டட் ஸ்டேட்மென்ட்டை நீங்களே மெயிலுக்கு வரவழைச்சு, அந்த பிடிஎஃப்பை மட்டும் ஆப்ல ஏத்தலாம். இதுக்காக ஜிமெயிலைத் திறந்து விட வேண்டிய அவசியமே இல்லை.

வருமான வரி: இது என் தொழில் சம்பந்தப்பட்டது, அதனால கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். இன்கம் டாக்ஸ் போர்ட்டல் பாஸ்வேர்டை ஆப்ல டைப் பண்றதும், ஆடிட்டருக்கு வாட்ஸ்அப்ல அனுப்புறதும் நம்ம ஊர்ல சர்வ சாதாரணம். அந்த லாகினுக்குள்ள உங்க பழைய ரிட்டர்ன், ஏஐஎஸ் என்கிற வருடாந்திரத் தகவல் அறிக்கை, ரீஃபண்ட் வர்ற பேங்க் அக்கவுண்ட், நோட்டீஸ், அதுக்குப் பதில் சொல்ற வசதி எல்லாம் இருக்கு. துறையிடம் இஆர்ஐ-ன்னு பதிவு செஞ்ச நிறுவனங்கள், உங்க போனுக்கு வர்ற ஓடிபி சம்மதத்தோட, பாஸ்வேர்ட் வாங்காமலே உங்க ரிட்டர்னைத் தயார் பண்ணி ஃபைல் பண்ண முடியும். அந்த வழி இருக்கிற ஆப்பைத் தேர்ந்தெடுங்க. யார் யாரைச் சேர்த்திருக்கீங்கன்னு போர்ட்டல்ல "ஆத்தரைஸ்டு பார்ட்னர்ஸ்" மெனுவில் பார்க்கலாம். அப்படியே ப்ரொஃபைலுக்குப் போய், அங்கே இருக்கிற மொபைல் நம்பரும் மெயில் ஐடியும் உங்களோடதுதானான்னு பாருங்க. எப்போவோ ஃபைல் பண்ணிக் கொடுத்தவரோட நம்பர் இருந்தா, துறை அனுப்புற நோட்டீஸ் அவருக்குத்தான் போகும், உங்களுக்கு வராது. பதில் சொல்லாம விட்ட நோட்டீஸ் டிமாண்டா மாறி, ரீஃபண்ட்ல பிடிச்ச பிறகுதான் தெரிய வரும்.

ஏற்கெனவே எல்லாத்துக்கும் ஓகே கொடுத்தாச்சா?

பரவாயில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்க.

1. போன் செட்டிங்ஸில் பெர்மிஷன் பக்கம் போய், எஸ்எம்எஸ், கான்டாக்ட்ஸ், ஆக்சஸிபிலிட்டி இந்த மூணும் யார் யாருக்கு ஆன் ஆகியிருக்குன்னு பாருங்க. தேவையில்லாததை எடுங்க.
2. கூகுள் அக்கவுண்ட்டில் இணைப்பில் இருக்கும் ஆப்களைப் பாருங்க. அடையாளம் தெரியாததை நீக்குங்க.
3. நெட்பேங்கிங், இன்கம் டாக்ஸ் பாஸ்வேர்டை எப்போவாவது யாரிடமாவது கொடுத்திருந்தா இன்னைக்கே மாத்துங்க.
4. அக்ரிகேட்டர் ஆப்ல சம்மதப் பட்டியலைத் திறந்து, முடிஞ்சுபோன வேலைக்கான சம்மதங்களை ரத்து பண்ணுங்க.
5. பயன்படுத்தாத லோன் ஆப்ல, முதல்ல டேட்டாவை நீக்கச் சொல்லி ஒரு மெயில் அனுப்பிட்டு, அப்புறம் அன்இன்ஸ்டால் பண்ணுங்க. அந்த மெயில் உங்க கையில ஒரு ஆதாரம்.

ஒருவேளை பணமே போயிடுச்சுன்னா, முதல்ல பேங்க்குக்கு போன், அடுத்த நிமிஷம் 1930. புகார் எண்ணை எழுதி வச்சுக்குங்க. மேலே சொன்ன 3 நாள் கணக்கு ஓடிட்டு இருக்கும், அதனால "நாளைக்கு பிராஞ்சுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்"னு விடாதீங்க. பேங்க் 30 நாளில் சரியா பதில் சொல்லலைன்னா ரிசர்வ் வங்கியோட ஓம்புட்ஸ்மேனுக்குப் போகலாம். அதுக்குக் கட்டணம் கிடையாது.

அக்ரிகேட்டர் ஸ்கிரீனையும் போர்ட்டல் மெனுவையும் இந்த வார வீடியோவில் ஒவ்வொரு ஸ்டெப்பா காட்டியிருக்கேன், போனைக் கையில வச்சுக்கிட்டே பாருங்க. ஒவ்வொரு ஆப்பையும் ஆராய்ச்சி பண்ண உங்களுக்கு நேரம் இருக்காது, எனக்குத் தெரியும். வழியைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். பாஸ்வேர்ட் கேட்டா வெளியே வந்துடுங்க, சம்மதம் கேட்டா படிச்சுட்டு ஓகே கொடுங்க, வேலை முடிஞ்சதும் ரத்து பண்ணுங்க.

அடுத்த பதிவில் சந்திப்போம்.